இருபத்தேழாம் நம்பர் வீடு

எங்கள் அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான் ஒரு மணி நேரம் பாடம் எடுக்கிறேன். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதிவருவதுதான் எங்கள் தொழில். சோப்பு விற்கிறவர், பள்ளிக்கூடம் நடத்துகிறவர் என்று யார் யாரோ வந்து ஆய்வு கேட்பார்கள். "பார்க்காததை எழுதாதீர்கள். கதவைத் தட்டாத வீட்டுக்கு நம்பர் போடாதீர்கள்" என்று நான் சொன்னதும் பிள்ளைகள் மும்முரமாகக் குறித்துக்கொள்வார்கள். போன மாதம் ஒரு பெண், "இதை எங்க சார் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள். "காலேஜில் ஒரு அக்கா" என்று சொல்லிவிட்டு அவசரமாக அடுத்த ஸ்லைடுக்குப் போனேன்.

அந்த அக்காவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயரைப் போடப் போவதில்லை. போடுகிற யோக்கியதை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. அவர் டிகிரி முடித்தாரா, இப்போது எங்கே இருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியாது. விசாரித்தால் அரை நாளில் தெரிந்துவிடும். விசாரிக்கவில்லை.

ஆவடி போகிற சாலையில் எங்கள் கல்லூரி. அதில் பி.ஏ. பொருளாதாரத்துக்கு மாலைப் பிரிவு உண்டு. பகல் பிரிவில் இடம் கிடைக்காத என் போன்ற பையன்களும், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களும் அதில் கலந்திருப்போம். அக்கா இரண்டாவது ரகம். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். நசரத்பேட்டையில் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தார். காலை ஆறு மணி ஷிப்டை முடித்து பஸ் பிடித்து வருவதற்குள் மூன்று மணி வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். "உள்ள வர்லாமா சார்?" என்று அவர் கதவருகே நிற்கும்போதே ரப்பர் வாசனை முந்திக்கொண்டு உள்ளே வந்துவிடும். பையன்கள் மூக்கைச் சுளிப்பார்கள். நானும் சுளித்திருக்கிறேன்.

வாஷரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். விளிம்பில் பிசிறு தட்டினால் ஒதுக்கிப் போட வேண்டும். நாள் முழுக்க அதுதான் அவர் வேலை. அந்தப் பழக்கம் வகுப்பிலும் விடவில்லை. பேனா மூடி, சட்டைப் பொத்தான், நோட்டின் முனை, எது கையில் கிடைத்தாலும் இரண்டு விரலும் சுற்ற ஆரம்பித்துவிடும். சார் சொல்கிற பாடத்தையும் அவர் அப்படித்தான் சுற்றிப் பார்த்தார்.

சார் என்றால் எங்கள் துறைத் தலைவர். முதல் வருடம் அவர் தேவை விதி நடத்தினார். விலை ஏறினால் வாங்குவது குறையும், அவ்வளவுதான். நாங்கள் எல்லாரும் எழுதிக்கொண்டோம். அக்கா கையைத் தூக்கினார்.

"சார், மாங்காட்டுல வெள்ளிக்கிழமை பூ வெல மத்த நாள விட டபுளு. ஆனா அன்னிக்குத்தான் சார் கூடை கூடையா காலியாவுது."

"பிற நிலைமைகள் மாறாமல் இருக்கும்போதுன்னு சொன்னேனேம்மா."

"அப்டி ஒண்ணுமே மாறாத நாளு எது சார்? சொல்லுங்க, அன்னிக்குப் போய்ப் பாத்துட்டு வந்துட்றேன்."

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். அடுத்த வாரம் அக்கா வந்து, "புதன்கிழமை போய் நின்னேன் சார். அன்னிக்கு நீங்க சொன்ன மாதிரிதான் கீது" என்று சொன்னதும் சார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்காவின் நோட்டில் கடைசிப் பக்கத்தில் 'போய்ப் பாக்க வேண்டியது' என்று தலைப்புப் போட்டு ஒரு பட்டியல் இருந்தது. பார்த்து வந்ததற்கு எதிரே டிக் அடிப்பார். சரியாக வராததற்கு ஒரு சுழி.

மறைமுக வேலையின்மை நடத்திய அன்று இன்னும் வேடிக்கை. ஒரு விவசாயக் குடும்பத்தில் தேவைக்கு மேல் ஆட்கள் வேலை செய்கிறார்கள், அதில் ஒருவரை எடுத்துவிட்டாலும் விளைச்சல் குறையாது என்று புத்தகம் சொல்கிறது. அக்கா வீட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நசரத்பேட்டையில் நெல் போட்டவர்கள். மிச்சமிருந்த கொஞ்ச நிலத்தில் அப்போதும் கீரை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்க நெலத்துல நாலு பேரு கீறோம் சார். இதுல யார எடுக்கறது?"

"அது பொதுவா சொல்றதும்மா."

"இல்ல சார், யோசிச்சுப் பாத்தா எங்க அண்ணன எடுத்துடலாம். அது வரப்புல குந்திகினு போனுதான் பாத்துகினு கீது."

இப்படிப்பட்டவருக்கு ஆங்கிலம் மட்டும் பிடிபடவில்லை. சார் கொடுக்கும் குறிப்பெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லுவேன். என் அப்பா வங்கி ஊழியர். மாற்றலாகி விருதுநகரிலிருந்து வந்து கொரட்டூரில் ஃப்ளாட் வாங்கியிருந்தோம். மெட்ரிக்குலேஷனில் படித்தவன் என்பதால் வகுப்பில் எனக்குக் கொஞ்சம் மதிப்பு. "நீ புக்க பாத்து சொல்லு நைனா, நான் தெருவ பாத்து சொல்றேன்" என்பார் அக்கா. எனக்கு அவரைப் பிடிக்கும். நிஜமாகவே பிடிக்கும். பின்னால் நடந்ததைப் படித்துவிட்டு இதை யாரும் நம்ப மாட்டார்கள் என்று தெரியும்.

ஒருநாள் வகுப்பு தொடங்குமுன் அவர் என்னிடம் தன் விரல் நுனிகளைக் காட்டினார். வழவழவென்று ரேகையே தெரியாமல் இருந்தன.

"மரத்துப் போய்கினு வருது நைனா. முன்ன மாதிரி பிசிறு தெரியல. போன வாரம் ஒரு பொட்டி ரிட்டர்ன் வந்துச்சு, நான் பாஸ் பண்ண பொட்டி. சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா வெளிய அனுப்பிடுவான்."

"அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"ஸ்டோர்ல ஒரு கிளார்க்கு ரிட்டயர் ஆவறாரு. டிகிரி முடிச்சா அந்த எடத்துக்கு எடுத்துக்கறேன்னு மேனேஜர் சொல்லிகீறாரு. அதுக்குத்தானே இந்தப் பாடெல்லாம். யாராண்டயும் சொல்லிடாத."

யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கைத்தான் நான் காப்பாற்றினேன்.

மூன்றாம் வருடம் எல்லாரும் ஒரு கள ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். இரண்டு பேருக்கு ஓர் ஆய்வு, அறுபது வீடு, அறுபது படிவம். ஒவ்வொரு படிவத்தின் மூலையிலும் அந்த வீட்டுக்குப் போனவர் இனிஷியல் போட வேண்டும். அக்கா நேராக என்னிடம் வந்து, "நாம ரெண்டு பேரும் சேந்துக்கலாமா?" என்று கேட்டார். கொரட்டூர் ஏரியை ஒட்டியுள்ள தெருக்களில் குடும்பங்கள் குடிதண்ணீருக்கு என்ன செய்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. ஆளுக்கு முப்பது வீடு.

முதல் ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் ஃப்ளாட் வாசலுக்கு வந்ததும், பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு நான் இறங்கி வந்தேன், சேர்ந்து போனோம். ஒரு வீட்டில் அந்தம்மா, "ரெண்டு கேன் வாங்கறோம்" என்றார். நான் எழுதப் போனேன். அக்கா எட்டிப் பார்த்து, "மூலைல நாலு கீதேம்மா?" என்று கேட்டார். அந்தம்மா சிரித்துவிட்டு, மற்ற இரண்டும் மாடி வீட்டுக்காரருடையவை, அவர்கள் ஊரில் இல்லை என்றார். அக்கா மாடிக்கு ஏறிப்போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதினார். இப்படி ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம். எனக்கு வெயிலில் மண்டை காய்ந்தது.

அது மட்டும் இல்லை. இரண்டாவது வீட்டிலிருந்து இறங்கும்போது எங்கள் ஃப்ளாட்டில் இருக்கும் ஒரு ஆன்ட்டி காய்கறிப் பையோடு எதிரே வந்தார். அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரு தம்பி, வீட்டு வேலைக்குப் புதுசா பாத்திருக்கீங்களா? எங்களுக்கும் ஆள் வேணும்னு அம்மாகிட்ட சொல்லியிருந்தேனே" என்றார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றேன். ஆன்ட்டி போய்விட்டார்.

"ஏன் நைனா, கூடப் படிக்கறாங்கன்னு சொல்ல வாய் வர்லியா?" என்று அக்கா கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அதற்குப் பிறகு மூன்று தெருவும் முடியும்வரை எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். அதற்கடுத்த வாரம் உறவினர் கல்யாணம். பிறகு அவர் கூப்பிடவில்லை. தன் முப்பது வீட்டையும் தனியாகவே முடித்து, கட்டும்போது இனிஷியல் போட்டுக்கொள்ளலாம் என்று மூலையைக் காலியாக விட்டுப் படிவங்களை என்னிடம் கொடுத்தார். "உன்னுது முடிஞ்சுதா?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன்.

எங்கள் துறையில் படிவம் நிரப்புவது ஒரு தனிக் கலை. சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். மூன்று நிறப் பேனா வேண்டும். நாலைந்து படிவத்தை இடது கையால் எழுத வேண்டும். சிலதைக் கசக்கிப் பிரிக்க வேண்டும். ஒன்றிரண்டில் டீ சிந்தியிருந்தால் களத்துக்குப் போய் வந்த மாதிரி இருக்கும். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். நானும் ஒரு மதியம் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முப்பது குடும்பங்களை உண்டாக்கினேன். எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் ஏரிக்கரைக்குப் போகும் ஒரு குறுக்குத் தெருவின் முனை தெரியும். அந்தத் தெருவின் பெயரை எழுதி, ஒன்றிலிருந்து முப்பதுவரை கதவு எண் போட்டேன். அம்மா கொண்டுவந்து வைத்த டீயைத்தான் மேலே சிந்தினேன்.

என் படிவங்களை ஒரே கட்டாக வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அறுபதையும் கலைத்து அடுக்கினேன். பிறகு மூலையில் ஒன்றுவிட்டு ஒன்றில் அக்காவின் இனிஷியலும் என் இனிஷியலும் போட்டேன். நான் எழுதிய வீடுகளில் பாதி அவர் பெயருக்குப் போயின, அவர் ஏறி இறங்கிய வீடுகளில் பாதி என் பெயருக்கு வந்தன. அப்போது அவரை மாட்டிவிட வேண்டும் என்ற எண்ணம் எனக்குக் கிடையாது. நான் மாட்டக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

சார் கொரட்டூர்வாசி என்பதும், தினமும் காலையில் அந்த ஏரிக்கரையில்தான் நடக்கிறார் என்பதும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஒரு வாரம் கழித்து எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் எங்கள் ஆய்வு. அதன் மேல் உருவி வைத்த ஒரு படிவம்.

"இந்தத் தெருவுல மொத்தமே பதினெட்டு வீடு. அதுக்கப்புறம் ஏரிக் கரை. இருபத்தேழாம் நம்பர் வீடு எங்கம்மா இருக்கு, தண்ணிக்குள்ளயா?"

அவர் அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார். மூலையில் அக்காவின் இனிஷியல். அக்கா படிவத்தை எடுத்துப் பார்த்தார். அதன் ஓரத்தை இரண்டு விரலால் தடவினார்.

"நான் இந்த ஊட்டுக்குப் போகல சார்."

"உன் இனிஷியல் இருக்கே."

"நான் போடல சார். மத்ததையும் எடுத்துப் பாருங்க."

"எனக்கு இதான் வேலையா? நீ போடலைன்னா வேற யார் போட்டது?"

அக்கா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு முறைதான். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. படிவத்தைக் கட்டி எடுத்துப்போனவன் நான். வேறு யார் போட்டிருக்க முடியும்? ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சாரின் பக்கம் திரும்பினார்.

"யார் போட்டாங்கன்னு நான் பாக்கல சார். பாக்காதத எப்டி சொல்றது? நான் போடலன்னு மட்டும் தெரியும். நீங்க ஒருவாட்டி எங்கூட வாங்க. நான் போன முப்பது ஊட்டையும் காட்றேன். அவங்களே சொல்லுவாங்க."

சார் என் பக்கம் திரும்பி, "நீ என்னப்பா சொல்ற?" என்றார்.

இதை எழுதும்போது காது மடல் சுடுகிறது. நான் தலையைக் குனிந்துகொண்டு, எவ்வளவோ மரியாதையான குரலில் சொன்னேன்: "அக்கா வேலைக்கும் போறாங்க சார். ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் லீவு. டைம் கிடைச்சிருக்காது."

அவருக்காகப் பரிந்து பேசுவது மாதிரியே சொன்னேன். அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது. சார் தலையை ஆட்டினார். தினமும் பத்து நிமிடம் தாமதமாக வருகிறவர், தமிழில் தேர்வு எழுதுகிறவர், ரப்பர் வாசனை அடிக்கிறவர். அவர்தான் ஏமாற்றியிருப்பார் என்று நம்புவதில் சாருக்குச் சிரமமே இல்லை. நம்புவார் என்று தெரிந்துதான் நானும் சொன்னேன். மீதிப் படிவங்களைப் புரட்டியிருந்தால் அதே தெரு என் இனிஷியலோடும் வந்திருக்கும். அவர் புரட்டவில்லை. என் பங்கை ஏற்றுக்கொண்டார். அக்காவின் பங்குக்கு மதிப்பெண் போடாமல், அடுத்த வருடம் மறுபடி செய்து கொடுக்கச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பையை எடுத்து மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார். தேர்வுகளின்போது என் பக்கத்து வரிசையில்தான் எழுதினார். பேசவில்லை. நானும் பேசப் போகவில்லை.

ரிசல்ட் வந்து, தற்காலிகச் சான்றிதழ் வாங்க ஒருநாள் கல்லூரிக்குப் போனேன். என் ஆய்வுக்குத் துறையிலேயே அதிக மதிப்பெண். வாங்கிக்கொண்டு மாடி வராந்தாவுக்கு வந்தால் அக்கா அங்கே நின்றுகொண்டிருந்தார். கம்பெனி சட்டையிலேயே வந்திருந்தார்.

"உன்னத்தான் பாக்க வந்தேன். சான்றிதழ் குடுக்கறாங்கன்னு சொன்னாங்க, நீ வருவேன்னு தெரியும்."

நான் படிக்கட்டுப் பக்கம் பார்த்தேன்.

"அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன்" என்றார். "பதினெட்டு ஊடுதான். ஒவ்வொரு ஊட்லயும் கேட்டுட்டேன். காலேஜ்லேருந்து யாரும் வர்லன்னு சொல்ட்டாங்க. உங்க ஊட்டு பால்கனிலேருந்து பாத்தா தெர்ற தெரு நைனா அது. அஞ்சு நிமிஷம் நடக்கணும், அவ்ளோதான்."

நான் சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீதானே எழுதின?"

"ஆமாக்கா." இத்தனைக்குப் பிறகு அழுகை வந்தது. "என்னை மன்னிச்சிருங்க அக்கா. தெரியாம..."

"அழுவாத. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது?" அவர் குரலில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. "சார் ஒரு லெட்டர் குடுத்தா என் மார்க்க இப்பவே போட்ருவாங்களாம். ஆபீஸ்ல கேட்டுட்டேன். ஸ்டோர் வேலைக்கு இந்த மாசம் கடைசி வரைக்கும் டைம் கீது. நான் சொன்னா சார் கேக்க மாட்டாரு. நீ சொன்னா கேப்பாரு. அத்தச் சொல்லு, போதும்."

"சொல்றேன்க்கா."

"இப்பவே போய்ச் சொல்லு. நான் கூட வரல, எதிர்ல நின்னா உனக்குக் கூச்சமா இருக்கும். எனக்கு ரெண்டாவது ஷிப்ட்டு, லேட்டாவுது."

என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். சொல்லிவிடுவேனா மாட்டேனா என்று எடை போட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. பிறகு படியிறங்கிப் போனார்.

நான் வராந்தாவில் நின்றேன். சாரின் அறை பத்தடி தூரத்தில் இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் தனியாக உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, அடையாளம் கண்டு, "வாப்பா, சர்டிபிகேட் வாங்கிட்டியா?" என்று சிரித்தார்.

"வாங்கிட்டேன் சார். சும்மா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன். அவர் எழுந்து வந்து கை கொடுத்தார். நானும் கொடுத்தேன்.